பழைய ஆட்சியின் வக்கீல்

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தார். இறந்தவர்களின் மூச்சுக்குழாய்க்குள் புகை எவ்வளவு தூரம் போயிருந்தது என்று அரசு வழக்கறிஞர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது பெஞ்ச் கிளார்க் எழுந்து போய் நீதிபதியிடம் குனிந்து ஏதோ சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சாட்சி பேசும்போது அவர் கண்ணாடியைக் கழற்றுகிறவர் அல்ல.

ஏதாவது தகவல் வந்ததா என்று அவளைக் கேட்டார். வரவில்லை என்றாள். கோர்ட்டுக்குள் நுழையும்போதே கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவது அவள் வழக்கம். ஆனால் பின்வரிசை வக்கீல்கள் தங்கள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்த விதமே பாதியைச் சொல்லிவிட்டது. மீதியை நீதிபதி சொன்னார். புது ஆட்சி நாற்காலியில் உட்கார்ந்து இன்னும் சூடுகூட ஏறவில்லை. அதற்குள், பழைய ஆட்சி நியமித்த அரசு வழக்கறிஞர்கள் அத்தனை பேரையும் ஒரே உத்தரவில் நீக்கியிருந்தது. உத்தரவு உடனடியாக அமல்.

"பேப்பர் இன்னும் என் கைக்கு வரல," என்றார் நீதிபதி. "ஆனா தெரிஞ்சப்புறமும் உங்களைக் கேள்வி கேக்க விட்டேன்னா, நாளைக்கு மேல்கோர்ட்ல இந்த சாட்சியமே செல்லாதுன்னு நிப்பாங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல."

"தெரியும் ஐயா."

உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அந்த நாற்காலியும் இனி தன்னுடையது அல்ல என்று உறைத்து, மறுபடி எழுந்தாள். டாக்டர் அவளையும் நீதிபதியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியாகக் கேட்ட கேள்விக்குத் தான் பதில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டார். பெஞ்ச் கிளார்க் அவரை இறங்கி வரும்படி கை காட்டினார்.

அந்தக் கோர்ட் வளாகத்தில் அவளுக்கு 'தங்கச்சி மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவரும் இல்லை. அவளுடைய அண்ணன் பழைய ஆளுங்கட்சியில் பெரிய புள்ளி. அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்த வருஷம் ஒருநாள் காலையில் அவர்தான் போன் செய்து, "கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டு வை, உன் பேர் லிஸ்ட்ல இருக்கு," என்றார். அதுவரை அவள் சுவர்த் தகராறும் சொத்துப் பிரிவினையும் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண வக்கீல். கல்யாணம் என்று ஒன்று சின்ன வயதில் நடந்து, ஒட்டாமல் உதிர்ந்துபோயிருந்தது. தனியாக ஒரு வாடகை வீடு, பக்கத்தில் பஸ் நிறுத்தம், வேறு பிக்கல் பிடுங்கல் இல்லை. வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

எப்படி வந்தோம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மாடாய் உழைத்தாள். வழக்கு ஜெயித்தால் அண்ணன் ஜெயித்துவிட்டார் என்பார்கள், தோற்றால் தங்கச்சி தோற்றுவிட்டாள் என்பார்கள். கேன்டீனில் அவள் காதுபடவே ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவளும் சிரித்தாள். நன்றாகத்தான் இருந்தது அந்த நகைச்சுவை. ஆனால் அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அந்தத் தீ விபத்து வழக்கு வந்தது. ஊருக்கு வெளியே ஒரு துணிக் கிடங்கு. இரவு வேலைக்கு வரும் பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று முதலாளி ஷட்டரை வெளியே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கம். ஒருநாள் உள்ளே தீப்பிடித்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். அவர்களில் ஒருத்தியின் தங்கை மட்டும், அக்கா தோள்மேல் ஏற்றித் தள்ளிவிட்டதால், சுவரில் மின்விசிறிக்கு வைத்திருந்த ஓட்டை வழியாக வெளியே விழுந்து பிழைத்தாள். விழுந்த கையோடு முன்பக்கம் ஓடிப் பூட்டைப் பிடித்து இழுத்தாள். பூட்டு அசையவில்லை. உள்ளேயிருந்து அக்கா ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள், பிறகு தட்டவில்லை.

பூட்டவே இல்லை, அந்தப் பெண்களே உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள் என்றது முதலாளி தரப்பு. வழக்கின் உயிர் அந்தப் பூட்டில் இருந்தது. முதலாளியோ அண்ணனுடன் மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். முதலில் நலம் விசாரித்தார். பிறகு, கொஞ்சம் பார்த்து நடந்துகொள் என்றார். பார்த்துத்தான் நடக்கிறேன் என்றாள். அவருக்கு முகம் சிவந்தது.

"உன்னை அந்த இடத்துல உக்கார வச்சது யாரு?"

"நீதான். எந்திரிக்கச் சொன்னா எந்திரிச்சுடறேன். உக்காந்திருக்கிற வரைக்கும் இப்படித்தான் இருப்பேன்."

எழுந்திருக்கச் சொல்ல அவரால் முடியவில்லை. சொன்னால் மறுநாளே பேப்பர்காரர்கள் கண் காது மூக்கு வைத்து எழுதிவிடுவார்கள். ஆகவே வேலையில் கை வைக்காமல் உறவில் கை வைத்தார். போன் நின்றது. அண்ணி பேசுவது நின்றது. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்ததே அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கைப்பேசியில் படம் காட்டியபோதுதான் தெரியும். தூக்கி வளர்த்த பெண். படத்தில் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது ஆட்சி மாறி, அந்த அண்ணனுடைய ஆள் என்று சொல்லி அவளை வெளியே போகச் சொல்லியிருந்தார்கள்.

கோர்ட் அறையிலிருந்து வெளியே வந்தபோது நடைபாதையில் நீக்கப்பட்ட மற்ற அரசு வக்கீல்கள் கூடி நின்றிருந்தார்கள். இது பழிவாங்கல், வழக்குப் போட வேண்டும், எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும் என்று பேச்சு சூடாக இருந்தது. அவள் பக்கத்தில் வந்ததும் குரல்கள் தணிந்தன. அவர்களில் பெரும்பாலோர் கட்சிக்காரர்கள். சொந்தக் கட்சிக்காரனையே கூண்டில் ஏற்றியவள் என்று அவள்மேல் அவர்களுக்குப் பழைய கசப்பு. ஒருவர் மட்டும், "வாங்க மேடம்," என்றார். எதற்கு வர வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஓரமாக நின்றுவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல நகர்ந்தாள்.

அவள் அறை வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்ற ஆள் வந்திருந்தான். மேலே இருந்த திருகாணி துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. அவன் சங்கடப்பட்டுக்கொண்டு, அப்புறம் வருவதாகச் சொன்னான். பரவாயில்லை, எண்ணெய் விட்டுப் பார் என்று அவளே தன் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பி வழக்கமாக இருக்கும் இடத்தைக் காட்டினாள். ஜன்னல் கீல் கிறீச்சிடும் என்று வாங்கி வைத்தது. இத்தனை வருஷம் அவளிடம் வேலை பார்த்த டைப்பிஸ்ட் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அலமாரியைத் திறந்தார். எடுத்துக்கொண்டு போக என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஒரு குடை, ஒரு டம்ளர், மழைக்காலத்துக்கு வைத்திருந்த பழைய செருப்பு. வழக்குக் கட்டுகள் எதுவும் அவளுடையவை அல்ல. கடைசியில் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் சில நாட்கள் போன் அடித்தது. பத்திரிகைக்காரர்கள், பழைய சகாக்கள், தெரிந்தவர்கள். பிறகு அது ஓய்ந்தது. காலையில் பழக்கதோஷத்தில் அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, தலைவாரி முடித்து, எங்கே போவது என்று தெரியாமல் கட்டில்மேல் உட்கார்ந்துவிடுவாள். பகலில் தன் வீட்டுக்கு என்னென்ன சத்தம் உண்டு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாடி வீட்டில் யாரோ எதையோ இழுத்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர்க் குழாய் மதியத்தில் முனகியது. ஒருநாள் மாலை, அன்று முழுக்கத் தான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது நினைவுக்கு வந்து, தொண்டையைச் செருமிப் பார்த்தாள்.

அண்ணன் வந்தார். கூடவே வரும் கார்களும் ஆட்களும் இல்லை. தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். இளைத்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் ஆளுன்னு சொல்லி உன்னைத் தூக்கிட்டாங்க," என்றார். "நீ என் ஆளே இல்லன்னு எனக்குல்ல தெரியும்."

இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. சின்ன வயதில் சாப்பாட்டு வேளையில் அப்பாவுக்குத் தெரியாமல் சிரிப்பார்களே, அப்படி அடக்க முடியாத சிரிப்பு. அது முடிந்ததும் பழைய இடைவெளி அப்படியே திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. கட்சி ஒரு பத்திரிகையாளர் கூட்டம் வைக்கப்போகிறது, நீக்கப்பட்ட பெண் வக்கீல் என்று அவள் வந்து நின்றால் நன்றாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். வர முடியாது என்றாள். அந்த மேடையில் அவள் ஏறினால், கிடங்கு முதலாளியின் வக்கீல் மறுநாளே இந்த வழக்கு ஆரம்பத்திலிருந்தே அரசியல்தான் என்று சொல்லிவிடுவார். அண்ணன் வற்புறுத்தவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டியபடி, மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். வந்து பார் என்று சொல்லவில்லை. அவள் சொல்லுவார் என்று காத்திருந்தாள்.

அவள் இடத்துக்கு வந்த புது அரசு வக்கீலை அவளுக்கு நன்றாகத் தெரியும். கெட்டிக்காரர். எதிர்த்தரப்பில் நின்று அவளைத் திணறடித்திருக்கிறார். புது ஆளுங்கட்சிக்காக வருஷக்கணக்கில் கொடி பிடித்தவர் என்பதும் ஊரறிந்தது. அதிலென்ன, தானும் அப்படி வந்தவள்தானே என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் அவரைப் பார்க்கப் போனாள். தன் பழைய அறையில், தன் பழைய மேசைக்கு இந்தப் பக்கம், பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி இவ்வளவு ஆடும் என்று அவளுக்குத் தெரியாது.

கிடங்கு வழக்கில் அடுத்து அந்தத் தங்கையை விசாரிக்க வேண்டும், அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வந்தேன் என்றாள். எடுத்த எடுப்பில் ஷட்டரைப் பற்றிக் கேட்டால் அந்தப் பெண் உறைந்துபோவாள். வேலைக்கு வந்தது, உடை மாற்றியது, டீ குடித்தது என்று மெல்ல ஆரம்பித்து அந்த இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அவர் பேனாவை உருட்டியபடி கேட்டுக்கொண்டார்.

"நாங்க பாத்துக்கறோம் மேடம்," என்றார். பிறகு குரலை மாற்றாமலே, "இந்த வழக்குல ஏன் அத்தனை வாய்தா வாங்கினீங்க?" என்று கேட்டார்.

பூட்டை ஆய்வு செய்த தடயவியல் அறிக்கை அப்போது வந்திருக்கவில்லை. அறிக்கை இல்லாமல் விசாரணையைத் தொடங்கியிருந்தால் முதலாளி சுலபமாக வெளியே போயிருப்பார் என்று விளக்கினாள். அறிக்கை இப்போது வழக்குக் கட்டிலேயே இருக்கிறது, நாக்கு உள்ளே மாட்டியபடி, அதாவது பூட்டிய நிலையிலேயே, பூட்டு உருகியிருக்கிறது என்றாள். அவர் தலையாட்டினார். நம்பினாரா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எத்தனையோ பேர் முகத்தைப் படித்துப் பிழைத்தவள். அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அந்தத் தங்கையைக் கிடங்கில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். செத்துப்போன அக்கா பெரியவள். சின்னவளைச் சாட்சி சொல்லச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. முதலில் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் வாங்கியபோது, இன்ஸ்பெக்டர் வாசலில் முதலாளியோடு தோளில் கை போட்டுப் பேசிவிட்டு உள்ளே வந்து, நடந்ததைச் சொல்லம்மா என்றாராம். சின்னவளுக்கு வாய் கட்டிப்போயிற்று. "உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு வச்சுக்கிட்டு கேக்கறவங்க முன்னால எனக்குப் பேச்சே வராது மேடம்," என்று அவளிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள். அதனால்தான் ஒரு மதிய இடைவேளையில் காலியாக இருந்த கோர்ட் அறைக்குக் கூட்டிப்போய், எங்கே நிற்க வேண்டும், யார் எங்கே உட்காருவார்கள் என்று காட்டினாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தரவில்லை. கேள்வி கேட்கும்போது என் முகத்தை மட்டும் பார் என்றாள். சின்னவள் கூண்டுக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

விசாரணைக்கு முதல் நாள் மாலை சின்னவள் வீடு தேடி வந்தாள். உள்ளே வரச் சொன்னாள், வந்தாள். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"உங்களை ஒண்ணு கேக்கணும்," என்றாள். "வேணும்னேதான் கேஸை இழுத்தடிச்சீங்களாமே. ஆட்சி மாறலைன்னா அப்படியே ஊத்தி மூடியிருப்பீங்களாமே."

"யார் சொன்னாங்க?"

"புது வக்கீல் சார் ஆபீஸ்ல. உங்க அண்ணனும் எங்க முதலாளியும் ஒண்ணா நிக்கற போட்டோ காட்டினாங்க. உங்க அண்ணன்னு நீங்க ஏன் எங்கிட்ட ஒரு தடவைகூட சொல்லல?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஊருக்கே தெரிந்தது இவளுக்கும் தெரியும் என்று நினைத்திருந்தாள். கிடங்கில் பொட்டலம் கட்டும் பெண்ணுக்குக் கோர்ட் கேன்டீன் வம்பு எப்படித் தெரியும்? சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மற்றதற்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. வாய்தா ஏன் வாங்கினாள் என்பதைச் சொல்லலாம். அண்ணனோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஆனது எதனால் என்று சொல்லலாம். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இந்தப் பெண் நம்புவாள் என்றும் தெரிந்தது. நம்பத்தான் வந்திருக்கிறாள், இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்க மாட்டாள். ஆனால் நம்பினால் அடுத்தது என்ன? அப்படியானால் புது வக்கீல் ஆபீஸில் சொன்னது பொய். நாளைக் காலை கூண்டில் ஏறி நிற்கும்போது எதிரே கேள்வி கேட்பவர் பொய் சொன்ன ஆள். இவளுக்கு வாய் கட்டிப்போகும். பூட்டைத் தொட்டுப் பார்த்த ஒரே சாட்சி ஊமையாய் நிற்பாள். முதலாளி வெளியே நடந்து போவார்.

தொழில் புத்தி இதையெல்லாம் நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. மனசுக்குத்தான் நேரம் பிடித்தது. அவள் ஜன்னல் பக்கம் போய், சாத்தியிருந்த கதவை இன்னொரு முறை சாத்தினாள்.

"புது வக்கீல் கெட்டிக்காரர்," என்றாள். "முதலாளிக்குத் தண்டனை வாங்கிக் கொடுக்கணும்னு அவருக்கு நெஜமாவே எண்ணம் இருக்கு. நாளைக்கு அவர் முகத்தைப் பாத்து பதில் சொல்லு."

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல."

"அதுக்கு நான் பதில் சொல்றதா இல்லம்மா."

சின்னவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். கண்ணில் நீர் கோத்தது, விழவில்லை. "உங்களை எங்க அக்கா மாதிரி நெனச்சேன்," என்று மட்டும் சொன்னாள். அதையும் திட்டுவதுபோலத்தான் சொன்னாள். படியிறங்கும் சத்தம் கேட்டது. மேசைமேல் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

மறுநாள் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். காலையில் கால்கள் தாமாகவே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டன. கறுப்புக் கோட்டு இல்லாமல், பொதுமக்கள் உட்காரும் கடைசி பெஞ்சில், ஒரு தூணின் மறைவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வேறு ஏதோ வழக்குக்கு வந்த பெரியவர் ஒருவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

சின்னவள் கூண்டில் ஏறினாள். புது வக்கீல் எழுந்து, முதல் கேள்வியாகவே, ஷட்டர் பூட்டியிருந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். தூணுக்குப் பின்னால் இருந்தவள் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். எதைச் செய்ய வேண்டாம் என்று சொன்னாளோ அதையே செய்கிறார்.

ஆனால் சின்னவள் உறையவில்லை. அவளுக்குள் எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது. அது வாயைக் கட்டவில்லை, திறந்துவிட்டது. பூட்டு எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் தொங்கியது, பிடித்தபோது எப்படிச் சுட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். உள்ளங்கையை விரித்து நீதிபதியிடம் காட்டினாள். பூட்டின் வளைவு தோலில் அப்படியே தழும்பாக இருந்தது. அக்கா தட்டியதை எப்படிக் கேட்டாய் என்றதற்கு, கூண்டுக் கட்டையில் தட்டிக் காட்டினாள். தட்டுவதை நிறுத்தியபோது அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

முதலாளியின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். பழுத்த ஆள், அவளோடு பல வழக்குகளில் மோதியவர். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற நீ போலீஸில் ஏன் இதையெல்லாம் சொல்லவில்லை என்று ஆரம்பித்து, வளைத்து வளைத்து, தான் வர நினைத்த இடத்துக்கு வந்தார்.

"பழைய அரசு வக்கீல் மேடம் உன்னை இதே ரூமுக்குக் கூட்டிட்டு வந்து சொல்லிக் கொடுத்தாங்க. அதைத்தான் இப்ப ஒப்பிக்கறே. சரியா?"

"அவங்களா?" என்றாள் சின்னவள். குரலில் அவ்வளவு கசப்பு. "அவங்க எனக்கு எதுவும் சொல்லித் தரல. எங்க நிக்கணும்னு காட்டினாங்க, அவ்வளவுதான். அவங்க எங்க பக்கமே கிடையாது சார். உங்க பக்கம்."

நீதிபதி தலை குனிந்து அதை எழுதிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் கையிலிருந்த காகிதத்தை மடித்தார். சொல்லிக் கொடுத்த சாட்சி என்று கட்டிவந்த வாதம் முழுக்க அந்த ஒரு பதிலில் மண்ணைக் கவ்விவிட்டது அவருக்குத் தெரிந்தது. அவள் தங்கள் பக்கம் என்பது பொய் என்பதும் அந்த அறையில் அவருக்கு நன்றாகத் தெரியும். முதலாளிக்காக அண்ணன் தூது போனதும், போன வேகத்தில் திரும்பி வந்ததும் அவர் அறியாததா? கூட்டத்தின்மேல் கண்ணை ஓட்டினார். தூண் பக்கம் பார்வை வந்தபோது கொஞ்சம் நின்றது. பிறகு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். கோர்ட் வாசலில் வெயிலுக்குக் கண் கூசியது. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. சாட்சியம் நின்றுவிட்டது, இனி அதை யாரும் அசைக்க முடியாது. யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. கைப்பேசியைத் திறந்து பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இதைச் சொன்னால் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லக்கூடிய ஆள் அந்தப் பெயர்களில் ஒருவர்கூட இல்லை. மூடிப் பைக்குள் போட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீடு வந்ததும் சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். பல நாளாக வராத தூக்கம், அடித்துப் போட்டதுபோல வந்தது.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. முதலாளிக்குச் சிறை. புது அரசு வக்கீல் டி.வி.யில், பழைய ஆட்சி மூடி மறைக்கப் பார்த்த கொடுமைக்குப் புது ஆட்சி நீதி வாங்கித் தந்திருக்கிறது என்றார். பூட்டு அறிக்கையைத்தான் தீர்ப்பு பெரிதும் நம்பியிருந்தது. அது யார் காத்திருந்து வாங்கிய அறிக்கை என்று தீர்ப்பில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. டி.வி. மூலையில் சின்னவள் தெரிந்தாள். யாரோ மைக்கை நீட்டினார்கள். அவள் கையால் விலக்கிவிட்டு நடந்தாள். நல்லது என்று நினைத்துக்கொண்டு இவள் டி.வி.யை அணைத்தாள்.

அவள் மருந்துக்கடை மாடியில் ஒரு அறை பிடித்து மறுபடி சுவர்த் தகராறுகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். வழக்கு கொண்டு வருகிறவர்கள் மெல்ல மெல்லத்தான் வந்தார்கள். பழைய ஆளுங்கட்சிக்காரி என்று சிலர் வரவில்லை, அந்தக் கட்சிக்கே குழி பறித்தவள் என்று சிலர் வரவில்லை. இரண்டும் தெரியாத புதுக் குடித்தனக்காரர்கள் வந்தார்கள். அவர்களை அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு மழைநாள் மாலையில் தலைவலி மாத்திரை வாங்கக் கீழே இறங்கினாள். கடையில் மூன்று நான்கு பேர் நனைந்துபோய் நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற பெண் இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. சின்னவள். குழந்தை பெரியவளுடையது; விபத்து நடந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தது.

மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பிய சின்னவள் அவளைப் பார்த்தாள். ஒதுங்கிப் போகக் கடையில் இடமில்லை.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள். மேடம் என்று சொல்லவில்லை.

"இருக்கேன். குழந்தைக்கு என்ன?"

"சளி. ராத்திரி முழுக்கத் தூங்க விடல."

"வெந்நீர் ஆவி பிடிக்க வை."

"வச்சேன்."

இப்போது சொல்லலாம் என்று ஒரு எண்ணம் ஓடியது. சாட்சி முடிந்தது, தீர்ப்பும் வந்தாயிற்று. ஆனால் முதலாளி மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே விசாரணையை மறுபடி நடத்தச் சொன்னாலும் சொல்லலாம். அப்படி நடந்தால் இந்தப் பெண் இன்னொரு முறை கூண்டில் ஏற வேண்டும். அந்தப் பேச்சை எடுக்க இது நேரமில்லை. அந்த நேரம் எப்போதாவது வருமா என்றும் தெரியவில்லை.

"மழை விட்டப்புறம் போயேன்," என்றாள். "மேல என் ரூம் இருக்கு. உக்காரலாம்."

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். யோசித்தது நிஜம், அது முகத்தில் தெரிந்தது. பிறகு, பஸ் வந்துவிடும் என்றாள். முந்தானையால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். குழந்தை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எல்லோருக்கும் காட்டுவதுபோல அவளுக்கும் டாட்டா காட்டியது. சின்னவள் திரும்பவில்லை, குழந்தையின் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. அவள் பதிலுக்குக் கையை ஆட்டினாள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு என்ன வேணும் என்று கடைக்காரர் இரண்டாம் முறை கேட்டார். என்ன வாங்க வந்தோம் என்று அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. பின்னால் நின்றவரை முதலில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒதுங்கி நின்று மழையைப் பார்த்தாள்.